சைலன்சர் மாற்றியாயிற்று, டிம்ப்னாவை அனுப்பி வையுங்கள்

டெரிகான், மேயோ, அயர்லாந்து
12 ஜூன் 1983

மதிப்பிற்குரிய டீலியா அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் ஃபெஸ்டஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பதினொரு மாடுகளும் சுகம். ஏரிக்கு அக்கரையில் நீங்களும், முக்கியமாக என் மனைவி டிம்ப்னாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. முதல் இரண்டு நாள் போனில் என் குரல் கேட்டதும் அவள் வைத்துவிட்டதால் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான்: டிராக்டருக்குச் சைலன்சர் மாற்றியாயிற்று, இனி அவள் வீட்டுக்கு வரலாம். அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதிரியார் வீடு வீடாக வந்து வைக்கும் பூசைக்கு எங்கள் முறை வந்ததென்று மூன்று வாரம் சுவருக்கு வெள்ளையடித்து, ஊரையே அழைத்து, உங்கள் வீட்டுத் தட்டுகளைக்கூட இரவல் வாங்கி வைத்திருந்தாள். பாதிரியாரின் கார் வாசல் சேற்றில் சிக்கியது, இழுக்க நான் டிராக்டரை எடுத்தேன், மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கப் புகைக்குழாயின்மேல் கவிழ்த்து வைத்த தகர டப்பாவை எடுக்க மறந்தேன், அது எகிறிப்போய் ஜன்னல் வழியாகக் கேக்கின் நடுவில் உட்கார்ந்தது. ஓட்டைச் சைலன்சரின் இரைச்சலில் பாதிரியாரின் ஆசீர்வாதம் ஒருவர் காதிலும் விழவில்லை. "அந்தச் சனியனோட வாயை அடைக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்!" என்று கிளம்பியவள்தான். ஒன்பது நாளாயிற்று.

வேலை லேசில் முடியவில்லை அக்கா. இருபத்திரண்டு வருஷத் துரு. இரண்டு நாள் எண்ணெயில் ஊறியும் போல்ட் அசையவில்லை, பக்கத்துப் பண்ணை மாலக்கி வந்து நெருப்பு வைத்துச் சுட்டான், நான் ஸ்பானரில் இரும்புக்குழாயை மாட்டித் தொங்கினேன், "டேய், தொங்காதடா, ஒடிஞ்சிரும்!" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் போல்ட் ஒடிந்தேவிட்டது, உள்ளே நின்ற துண்டைத் துளைத்தெடுக்க இன்னொரு நாள் போயிற்று. நேற்றுத்தான் புதியது ஏறியது. ஸ்டார்ட் செய்தால், வேலியில் குருவி பாடுவது கேட்கிறது! மாலக்கி பழக்கதோஷத்தில் என் காதருகே வந்து கத்தினான்.

"ஸ்டார்ட் ஆச்சா?"

"ஏன்டா கத்துற? ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப உன் பொண்டாட்டி வந்துருவாடா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது நாளாக அவித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறெதுவும் நான் சாப்பிடவில்லை. வீடும் வீடாக இல்லை.

ஆகவே கோபத்தை அந்த ஏரியிலேயே போட்டுவிட்டு அவளை அனுப்பி வையுங்கள். சகலைக்கு என் வணக்கம். உங்கள் பசுக்கள் நன்றாகக் கறக்கட்டும், அறுத்த புல் காயும்வரை மழை ஒதுங்கி நிற்கட்டும், மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஃபெஸ்டஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் டிம்ப்னா பால் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தாள், உங்கள் மழை பூட்ஸோடு. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

"நாலு நாளா சத்தத்தையே காணோம்! வண்டி சரிவுல கவுந்து நீங்க அடியில கெடக்கீங்கன்னு நெனச்சேன். இங்க டீயா குடிக்கிறீங்க? தினம் அக்கரையில உக்காந்து திட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். அது கேட்டாத்தானே நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்?"

பழைய சைலன்சரையே மாட்டச் சொல்லிவிட்டாள். மாலக்கி தலையில் அடித்துக்கொண்டு ஸ்பானர் எடுக்கப் போயிருக்கிறான். நாளைக்கு உங்கள் காது கிழிந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நாங்கள் இருவரும் நலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.