கிட்டங்கியாரும் நான் அடித்த வெள்ளையும்

வீடு என்ற சொல்லைக் கிட்டங்கியார் அளவுக்குக் கேவலப்படுத்திய மனிதர் திண்டுக்கல்லில் இன்னொருவர் பிறக்கவில்லை. புகையிலை மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றை, அதாவது கிடங்கை, வாடகைக்குப் பிடித்து அதற்குள்ளேயே குடியிருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் ஃபிட்டர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார்.

அந்தக் கிட்டங்கியில் பாதி என் ஜாகை. ஐம்பதுகளின் கடைசி அது. லாரி செட்டில் வேலை பார்த்த எனக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. கல்யாணமாகாதவன் என்பதற்காக அல்ல, என் வாய்க்காக. நான் சண்டை போடாத வீட்டுக்காரர் ஊரிலேயே கிடையாது.

உள்ளே சுவரெல்லாம் பூசாத செங்கல். தலைக்கு மேல் இரும்பு உத்தரம், தகரக் கூரை. கட்டில் நான்கு சங்கிலியில் தொங்கும். நாற்காலிக்குப் பதில் லாரி சீட்டு. விளக்குக்குக் கவிழ்த்த பெயிண்ட் வாளி. மூட்டை எடை போட்ட தராசுத் தட்டில்தான் சாப்பாடு; நான் சோற்றில் கை வைத்தால் ஆடும், அவர் வைத்தால் ஆடாது. துணி போடக் கொடி கிடையாது. மூட்டை தூக்கும் கப்பியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் வேட்டி சட்டை எல்லாம் கூரைக்குப் போய்விடும்.

"ஏண்ணே, இது வீடா, வொர்க்‌ஷாப்பா?" என்று கத்துவேன்.

"ஏலே, வொர்க்‌ஷாப்புல சோறு போடுவாகளா? இங்க போடுறேன்ல?"

சோறும் வெஞ்சனமும் அவர் கையால்தான். தின்றுகொண்டேதான் நான் திட்டுவேன்.

பக்கத்தில் எரியோடு என்ற ஊரில் எனக்கு ஒரு பெண் அமைந்தது. பார்த்தேன், பிடித்துவிட்டது. என் முகத்துக்கு அப்படியொரு பெண் மறுபடி கிடைக்காது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

"சொவத்துக்கு வெள்ளையடிக்கணும்ணே."

"செங்கலு என்னடா பாவம் செஞ்சுச்சு?"

"உங்களாலதான் எனக்குப் பொண்ணு கிடைக்காமப் போகப்போகுது!"

அவர் போய்ச் சங்கிலிக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள், அவர் வேலைக்குப் போனதும், சுண்ணாம்பைக் கரைத்து நானே அடித்தேன். வருஷக்கணக்கில் புகையிலை மூட்டை சாய்ந்து கிடந்த சுவர் அது. எனக்குத்தான் மூளை வேலை செய்யவில்லை. ஈரம் பட்டதும் சுவர் உயிர்பெற்றது. வெள்ளைக்குள்ளிருந்து பழுப்பு வழிந்தது. புகையிலை நெடி கண்ணைக் கரித்தது. அழுக்குத் துணி மொத்தத்தையும் கப்பியில் ஏற்றிக் கூரையில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து லாரி சீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா சம்மதம் சொல்ல வெற்றிலைத் தட்டில் கை வைத்தார். நான் தும்மினேன். ஒற்றைத் தும்மல் ஆகாதே என்று வலிய இரண்டாவது போட்டேன். மூன்றாவது தானாக வந்தது. நிலைதடுமாறிக் கப்பிக் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு அவிழ்ந்து, என் லுங்கி, பனியன், சொல்லக்கூடாத மற்றதெல்லாம் அந்த அம்மாள் காலடியில் வந்து இறங்கின.

கிட்டங்கியார் அசையவில்லை. "மாப்ளகிட்ட ஒளிவுமறைவு கெடையாதும்மா. இருக்கது அம்புட்டும் இந்தா கீழ வந்துருச்சு."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: அவர்கள் இரண்டு பேருமே தும்மவில்லை. அப்பா எழுந்துபோய்ச் சுவரைத் தடவி விரலை மோந்து பார்த்தார்.

"எங்க தோட்டத்துல வெளையிறதும் இதேதான். பொகையிலத் தும்மலை நாங்க சகுனத்துல சேக்கிறதில்ல மாப்ள. சேத்தா எங்க பக்கம் ஒருத்தனுக்கும் கல்யாணம் நடக்காது." பிறகு முகம் சுளித்தார். "நல்ல செங்கச் சொவத்தை இப்பிடி நாசம் பண்ணுனது யாரு?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரையே திட்டிய நாக்கு.

"நாந்தேன்," என்றார் கிட்டங்கியார். "புத்தி கெட்டுப்போயி அடிச்சுப்புட்டேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

அந்தக் கல்யாணம் நடந்தது; கிட்டங்கியார் இப்போது இல்லை. நான் கட்டிய வீட்டின் கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் இன்றுவரை பூச்சு இல்லை. ஏன் என்று கேட்பவர்கள் மீது, சிமெண்ட் கிடைக்கவில்லை என்று எரிந்துவிழுகிறேன். வாங்கிய சிமெண்ட், பின்கட்டில் மூட்டையோடு கல்லாகிக் கிடக்கிறது.