தட்டிப் பார்த்த வீடு

எழுதிப் பழக்கமில்லாத கை எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடித்த கதைதான் இது. ஆணியைவிடக் கதை சற்று நீண்டுவிட்டால் அதற்கும் மன்னிப்பு.

நூலகர் ஆணியை ஒரே தட்டுதான் தட்டினார். அது வாழைப்பழத்தில் ஊசி ஏறுவதுபோல் ஏறித் தலையோடு மறைந்தது. தட்டளவு பூச்சு பெயர்ந்து, மாட்டுவதற்காகக் கக்கத்தில் இடுக்கியிருந்த சுவர்க் கடிகாரத்தையும் தட்டிவிட்டுத் தரையில் விழுந்தது. உள்ளே செங்கல்லைக் காணோம். ஈரத்தில் ஊறிய அட்டையும், அதன் பின்னே கசியும் குழாயும்தான் இருந்தன.

பழைய வீட்டைப் பளபளவென்று புதுப்பித்து விற்பவரிடமிருந்து வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. வாங்குமுன் மனைவி வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

"ஹால் சுவரை நீங்க தட்டிப் பாருங்க. சமையலறையை நான் பாத்துக்கறேன்."

விற்றவரோ காபி கொடுத்து உபசரித்தபடி எதிரிலேயே நின்றார். அவர் முன்னாலேயே அவர் சுவரைத் தட்டுவது மரியாதையாகுமா? அதிலும், இருபது வருடம் பிறரைச் சத்தம் போடாதீர்கள் என்று அடக்கிய கை. நூலகர் தட்டவில்லை.

"தட்டிட்டேன். கணீர்னு இருக்கு," என்றார் மனைவியிடம்.

"சமையலறையும் கணீர்தான்," என்றாள் அவள். அவருடைய அந்த ஒரு சொல்லை நம்பித்தான், குறையே இல்லாத வாடகை வீட்டைக் காலி செய்ய அவள் சம்மதித்தாள்.

இப்போது அந்தச் சொல் தரையில் கிடந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள்.

நூலகர் ஓட்டையில் பற்பசையை அப்பினார். சுவர் முழுக் குழலையும் விழுங்கிவிட்டு, இன்னொரு முழம் பூச்சைப் பெயர்த்துக் கொடுத்தது. மறைப்பதற்கு அலமாரியை இழுத்தார். அது நகர்ந்த வழியில் மூன்று டைல்கள் அப்பளம்போல் எழும்பின. அடியில் வெறும் மணல். அதன்மேல் பாயை விரித்தார். அலமாரியின் கால் பாயோடு குழிக்குள் இறங்க, அலமாரி சாய்ந்து குழாயை இடித்தது. கசிவு பீச்சலாயிற்று.

தொட்டியின் வால்வை மூடிவிட்டு, ஒரு காலில் தம் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாகத் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு ஓடினார்.

"தயவுசெய்து வெள்ளை சிமென்ட், டைல் பசை, அப்புறம் அந்த வெளிர் மஞ்சள் பெயின்ட், ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொடுங்க. ஒண்ணுமில்லை, சின்னதா ஓர் ஆணி அடிச்சேன்."

கடைக்காரர் அவர் செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மூணுமே தீந்துபோச்சு சார். வாராவாரம் சமையலறைக்கு வாங்கற மாதிரி, மிச்சத்தையும் இப்பத்தான் உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போனாங்க. அது கணீர்னு இருக்குன்னு உங்ககிட்ட சொல்லி வெச்சிருக்காங்களாம், இது உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னாங்க."

இழந்தவை: சுவர்க் கடிகாரம் ஒன்று, பற்பசை ஒரு குழல், ஹாலில் டைல்கள் மூன்று, சமையலறையில் எத்தனை என்று தெரியவில்லை, கணீர் இரண்டு.