தண்ணீர்ப் போத்தல் இல்லாத கல்யாணம்

எனக்கு வரும் கோபத்தில் பாதிக்குக் காரணம் பிளாஸ்டிக். மீதிப் பாதிக்குக் காரணம், பிளாஸ்டிக்கைப் பற்றி நான் பேசும்போது கைப்பேசியை நோண்டுகிறவர்கள்.

தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக்கு ஒரு பை, கொத்தமல்லிக்கு ஒரு பை, இரண்டையும் போட்டுக்கொள்ள இன்னொரு பை. “பை வேணாம்ணே” என்றால், “ஃப்ரீதான் லா” என்பார் கடைக்காரர். நான் என்ன காசுக்காகவா சொன்னேன்? ரயிலில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். (பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போனதுண்டு.)

இப்படிப்பட்டவளிடம் என் தங்கை மாலினியின் கல்யாணச் சாப்பாட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். தப்பு யாருடையது, சொல்லுங்கள்.

நம் கல்யாணங்களில் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர்ப் போத்தல் வைப்பார்கள். விருந்தாளி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். மிச்சத் தண்ணீரோடு அத்தனையும் குப்பைக்குப் போகும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமையல்காரர் ஃபோன் செய்தபோது, “போத்தலே வேணாம்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்புறம் தண்ணிக்கு என்ன சிஸ்டர் செய்வாங்க?”

“டிரம்ல தண்ணி வைங்க. அவங்கவங்க போத்தல் கொண்டு வருவாங்க.”

“சரி லா. அன்னிக்கு என்னைத் திட்டக்கூடாது.”

அழைப்பிதழின் அடியில் நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘தண்ணீர்ப் போத்தலைக் கையோடு கொண்டு வாருங்கள்.’ கல்யாண அழைப்பிதழில் நேரத்தையும் இடத்தையும் தாண்டி யார் எதைப் படித்தார்கள்? காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு, தோளில் போத்தலைத் தொங்கவிட்டு எந்த அத்தை வருவார்? இதெல்லாம் அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

தாலி கட்டி முடிந்தது. பந்தி தொடங்கியது. சாம்பார் வரை எல்லாம் சுமுகம். வத்தக்குழம்பு வந்ததும் ஹாலெங்கும் “தண்ணி, தண்ணி” என்று குரல்கள். ஒரு மாமா டிரம்மின் குழாயடியில் கையேந்திக் குடித்து, பட்டு வேட்டியை முழங்கால்வரை நனைத்துக்கொண்டார். ஹால் முழுவதும் தேடினாலும் ஒருவர் கையிலும் போத்தல் இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! மேடையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“பத்திரிகையைப் படிச்சீங்களா இல்லையா? ஒரு போத்தல் தூக்கிட்டு வரக் கை வலிக்குதா? உங்க பேரப்பிள்ளைங்க குப்பையிலதான் வாழணுமா?”

“அக்கா, மைக்கை வை லா!” என்று மாலினி கீழேயிருந்து கெஞ்சினாள். கையில் சாம்பார் சாதம் அப்படியே இருந்தது.

அவளுக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அம்மா. காரத்தில் அவருக்கு விக்கல். விக்கிக்கொண்டே எழுந்தார். சாப்பாட்டில் பாதி இலையிலேயே கிடந்தது. அவர் எழுந்ததும் மாப்பிள்ளை வீட்டு வரிசை மொத்தமும் எழுந்தது. பாதிச் சாப்பாட்டில் சம்பந்தி வீட்டார் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று மாலை மாலினி போய் வாழ வேண்டிய வீடு அது. அவள் அழ ஆரம்பித்தாள். கையில் மைக்கோடு நான் மரம்போல நின்றேன்.

வாசலில் என் கணவர் செல்வம் நின்றிருந்தார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மலர்ந்த முகத்தோடு, வெளியேற வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு தாம்பூலப் பையைக் கொடுத்தார். (துணிப்பை. வேறென்ன கொடுப்பேன்?) மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே பிரித்தார். உள்ளே பளபளவென்று ஓர் எவர்சில்வர் டம்ளர்.

அதைத் தேர்ந்தெடுத்து வாங்கியவள் நான்தான். வாசலில் ஒரு மேசை நிறைய டம்ளரை அடுக்கி வைத்துவிட்டு, போத்தல் கொண்டு வரவில்லையென்று உள்ளே ஊரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் வந்தால் எனக்குக் கண்ணும் தெரியாது, டம்ளரும் தெரியாது.

“தண்ணி கேட்டா, காலி டம்ளர் கொடுக்குறீங்களா?” மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைச் செல்வத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உள்ள டிரம் நிறைய தண்ணி இருக்கும்மா. பிடிச்சுக் குடிங்க” என்றார் செல்வம், வெகு பணிவாக.

அவர் செல்வத்தை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி ஹாலுக்குள் வந்து, டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தார். விக்கல் நின்றது. டம்ளரை மறுபடி நிரப்பி மாலினியிடம் நீட்டினார்.

“நீ குடிம்மா. உங்கக்கா தர மாட்டா.”

மாலினி குடித்தாள். அவர் மறுபடி தன் இலையில் போய் உட்கார்ந்தார். வாசல்வரை போனவர்கள் ஆளுக்கொரு டம்ளரோடு திரும்பி வந்து டிரம்முக்கு முன்னால் வரிசை பிடித்தார்கள். பந்தி நடந்தது. என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

இன்றும் புக்கிட் பாஞ்சாங்கில் மாலினி வீட்டுக்குப் போனால், எல்லாருக்கும் காப்பி கொடுத்தபின் அவள் மாமியார் என் முன்னால் ஒரு காலி டம்ளரை வைப்பார். பிறகு நிதானமாக உட்கார்ந்து பேரனின் படிப்பு, வீட்டு விலை என்று எல்லாம் பேசுவார். வீடே சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கும். தொண்டை காய்ந்து போனாலும், அந்த வீட்டில் தண்ணீர் வேண்டும் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.