தீனதயாளன் பிரம்புக்கூடை வென்ற படலம்

வாழ்க செங்கல்பட்டு. வாழ்க அதன் கொளவாய் ஏரி. வாழ்க அவ்வேரிக் காற்று நுழைந்து விளையாடும் சமையலறைச் சன்னலின் உட்புறம், மடித்துக் கட்டிய லுங்கியும் மீசையில் படிந்த மைதாவும் மார்பில் வழியும் வியர்வையுமாய்ப் போர்க்கோலம் பூண்டு நிற்கும் மாவீரன் தீனதயாளன். லாரி சர்வீஸ் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு மதுராந்தகம் தாண்டும், எது அச்சிறுப்பாக்கத்தில் டீ குடிக்க ஒதுங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு உரைக்கும் காலக்கணிதச் சிங்கம். சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்பதை மட்டும் இன்றுவரை அறியாத பெருந்தகை. அன்னவன் ஒரு பிரம்புக் கூடையோடு பொருது நான்காம் ஞாயிறன்று வென்ற கதையைச் சொல்லப் புகுந்தேன். நடுவில் எழுந்து டிவி போடப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

பகையின் வித்து கோவளத்தில் விழுந்தது. லாரி ஆபீசை உதறிவிட்டுக் கடற்கரை விடுதியொன்றின் சமையற்கூடத்தில் சேர்ந்திருந்த பழைய நண்பன் ஸ்டான்லி, ஒருநாள் இவனுக்குச் சவர்டோ ரொட்டி ஒரு துண்டம் கொடுத்தான். ஈஸ்ட் என்னும் கூலிப்படையை அழைக்காமல், மாவும் நீரும் தாமே புளித்த வலிமையால் எழுந்து நிற்கும் ரொட்டி அது. கடித்தான், மயங்கினான், நானும் செய்வேன் என்றான். ஸ்டான்லி தந்த புளிமாவை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து மடியில் வைத்துப் பஸ் ஏறினான். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் அது பொங்கி, மூடியைப் பிளந்து, பக்கத்து இருக்கை அம்மாளின் பட்டுப்புடவையில் வழிந்தது. அந்த அம்மாள் திருக்கழுக்குன்றம் வரை திருவாய் மலர்ந்தருளிய சொற்களைக் காவியத்தில் எழுத முடியாது.

ஆனால் புளிமாவு பகையன்று, பகை கூடை. ரொட்டிமாவோ நீர்த்த உடம்புக்காரி. தன் காலில் நிற்கமாட்டாள், விட்டால் மேடையெல்லாம் படர்ந்து படுத்துக்கொள்வாள். அடுப்புக்குப் போகுமுன் உருவம் குலையாமல் உப்பி எழ அவளுக்கு ஒரு தொட்டில் வேண்டும். ஆன்லைனில் வந்து இறங்கிய அத்தொட்டில், பிரம்பை வளையம் வளையமாய்ச் சுற்றிச் செய்தது. கவிழ்த்தால் அவ்வளையத் தழும்புகளைச் சுமந்துகொண்டு மாவு முழுசாய் விழ வேண்டும் என்பது சாத்திரம். விழாமல் பிரம்பைக் கவ்விக்கொண்டால் சவர்டோ இல்லை, சாணி உருண்டைதான்.

கூடை வந்த அன்றே அதை ஏற இறங்கப் பார்த்தாள் பூங்கொடி, வீரனின் இல்லத்தரசி. நாள் தவறாமல் ஒரு குண்டான் இட்லிமாவைக் கையளவிலும் கண்ணளவிலுமே கரைத்துப் புளிக்கவைத்து, அதற்காக ஒரு வீடியோவும் பார்த்தறியாத அரசி அவள்.

"இன்னாங்க இது, கொய்யாப்பழக் கூட மாதிரி கீது. பழம் எங்க?"

வீரன் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனான். பதில் கூறும் நாள் வரும் என்று பொறுத்தான்.

முதல் ஞாயிறு, மைதாவைத் தூவிக் கூடையைக் கவிழ்த்தான். மாவு கூடைக்குள்ளேயே வீற்றிருந்தது. இரண்டாம் ஞாயிறு, நல்லெண்ணெய் தடவிக் கவிழ்த்தான். பாதி விழ, மீதி பிரம்பிடுக்கெல்லாம் புகுந்து குடிசை போட்டது. மூன்றாம் ஞாயிறன்றுதான் செய்யத் தகாததைச் செய்தான். பூங்கொடியின் இட்லித்துணியை எடுத்துக் கூடைக்குள் விரித்து, அதன்மேல் மாவைக் கிடத்தினான். துணியும் மாவும் பிரிக்கவொண்ணாக் கணவன் மனைவி ஆயின. இரண்டு நாள் ஊறவைத்துத் தென்னை ஈர்க்கால் சுரண்டியும் அத்துணி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டு நாளும் அவ்வீட்டில் இட்லி இல்லை. இட்லியில்லாத இரண்டாம் நாள் காலையில், உப்புமாத் தட்டை அவன் முன் வைத்துக்கொண்டு, அரசி தன் ஆணையைப் பிறப்பித்தாள்.

"நல்லா கேட்டுக்கோங்க. வர்ற ஞாயித்துக்கெழமயும் ஒட்டிக்கினுச்சின்னா, அந்தக் கூட எனக்கு. சின்ன வெங்காயம் கொட்டி வெப்பேன். ஒட்டாம வந்துச்சின்னா உங்குளுது, நான் வாயே தெறக்க மாட்டேன்."

வெங்காயம். அலுவலக நண்பர்களுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பி, ஐரோப்பியப் பிரம்புக் கூடை என்று பெருமை பேசிய கூடையில் வெங்காயம். தீனதயாளன் உப்புமாத் தட்டைத் தள்ளினான். எழுந்து நின்று, கரண்டியை உயர்த்தி, வீடு அதிர முழங்கினான்: "ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டான்லியையும் கூப்பிடுகிறேன். அவன் முன்னாலேயே வெட்டித் தருகிறேன். அதுவரை உன் உதவி ஒன்றும் எனக்கு வேண்டாம். ஒரு கரண்டி எங்கே என்றுகூடக் கேட்கமாட்டேன்."

அந்த வாய்தான் அவனுக்கு வினை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை ஸ்டான்லி போனில் மந்திரம் ஓதினான். "அரிசி மாவு தூவு அண்ணாத்த. மைதா ஈரத்த குடிச்சிக்கினு பசையாயிடும். அரிசி மாவு ஒட்டவே ஒட்டாது." ஞாயிறு புலர்ந்தது. பூங்கொடி வாசல் தெளித்துக் கோலமிட்டு, திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்குப் படியேறப் புறப்பட்டாள். திரண்டு மின்னும் மாவை உருட்டிக் கையில் ஏந்திய வீரன், அப்போதுதான் தன் முன் அணிவகுத்து நின்ற படையைக் கண்டான்: அலமாரியில் இருபத்தாறு டப்பாக்கள், ஒன்றிலும் நம்பத்தக்க பெயரில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருந்தது. பிஸ்கட் டின்னில் புளி இருந்தது. 'சர்க்கரை' என்று பொறித்த எவர்சில்வர் சம்படத்தில் ரேஷன் கார்டும் ஊசிநூலும் இருந்தன. வெள்ளையாய் இருந்த ஒன்றை நாவில் வைத்தான், சமையல் சோடா. போன் மேடைமேல்தான் கிடந்தது, ஒரு விரல் தொட்டால் பூங்கொடி சொல்லிவிடுவாள். ஆனால் ஆண்மகன் வாக்கு என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப்போனது.

அந்நேரம் அவன் சிந்தையில் ஓர் ஒளி பிறந்தது. நம் முன்னோர் வாசலில் அரிசிமாவால் கோலமிட்டது எறும்புக்கும் அன்னமிடத்தான் என்ற செய்தியை, வாட்ஸப்பில் நாற்பத்தேழு பேருக்கு அவனே அனுப்பியிருக்கிறான். வாசற்படிக்கு ஓடினான். செருப்பு ஸ்டாண்டின்மேல் கோலமாவு டப்பா இருந்தது. திறந்தான். வெண்மை என்றால் அப்படியொரு வெண்மை, விரலிடுக்கில் வழிந்தோடும் நுண்மை. முன்னோரை வணங்கி, இரண்டு கைப்பிடி அள்ளிப் பிரம்பின் வளையந்தோறும் பூசி, மாவின் மேனியெல்லாம் தடவி, அதைக் கூடையில் பள்ளிகொள்ளச் செய்தான். மேடையில் சிந்திய தூளருகே எறும்பொன்று வந்தது. முகர்ந்தது. திரும்பிப் போய்விட்டது. வீரர்கள் எறும்பைக் கவனிப்பதில்லை.

ஃபிரிட்ஜில் இட்லிமாக் குண்டானை ஓரமாய்த் தள்ளி இடம் பிடித்து, நான்கு மணி நேரம் கூடையை உறங்கவைத்து, பத்தரை மணிக்கு வெளியே எடுத்தான். தட்டை மேலே மூடினான். இஷ்டதெய்வங்களை வரிசையாய் அழைத்தான். முந்தைய மூன்று ஞாயிறும் கைவிட்டவர்களையும் மறக்காமல் அழைத்தான். கவிழ்த்தான்.

விழுந்தது.

ஒரு துளி ஒட்டவில்லை. ஒரு பிரம்பிலும் ஒரு பொட்டு இல்லை. வளையம் வளையமாய் வெண்கோடுகள் சுழல, முழுநிலாவொன்று சமையல் மேடையில் இறங்கியதுபோல் மாவு வீற்றிருந்தது. தீனதயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில், லுங்கியோடு, தனியாக நின்று அழுதான்.

பன்னிரண்டுக்கு ஸ்டான்லி வந்தான். மலையிறங்கிய பூங்கொடியும் நெற்றியில் விபூதியோடு வந்தாள். அடுப்பிலிருந்து இறங்கியிருந்த ரொட்டியைக் கண்டு ஸ்டான்லி வாய் பிளந்தான். பூங்கொடி ரொட்டியைப் பார்த்தாள், சுத்தமாய்க் கிடந்த கூடையைத் திருப்பிப் பார்த்தாள், சொன்ன சொல் காத்து வாய் திறக்கவில்லை. வீரன் கத்தியை எடுத்து மேலோடு முறிய அறுத்து, முதல் துண்டைக் குருவுக்குக் கொடுத்தான்.

ஸ்டான்லி கடித்தான். நற என்றது. மென்றான். நறநற என்றது. மெல்லுவதை நிறுத்திவிட்டுத் துண்டின் மேலோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"அண்ணாத்த, கோச்சிக்காத. நான் கோவளத்துல பொறந்தவன். வாய்ல மண்ணு பூந்தா எப்படி இருக்கும்னு எனுக்குத் தெரியும்."

பூங்கொடியின் பார்வை மெல்ல நகர்ந்து, மேடை மூலையில் இருந்த டப்பாவில் போய் நின்றது. "வாசல்ல இருந்த டப்பா இங்க இன்னா பண்ணுது?"

தீனதயாளன் முன்னோரைப் பற்றியும் எறும்பைப் பற்றியும் முழங்கத் தொடங்கினான். பாதியிலேயே அவன் குரல் இறங்கிவிட்டது.

"அது கல்லு மாவுங்க," என்றாள் பூங்கொடி. "சைக்கிள்ல கூவிக்கினு வர்றவன்கிட்ட படி கணக்குல வாங்கறது. அரிசி விக்கிற வெலைக்கி எவ அரிசி மாவுல தெனம் கோலம் போடுவா?"

ஸ்டான்லி சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தான். பூங்கொடி சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து, கல்லேறிய மேலோட்டைக் கத்தியால் அகலமாய்ச் சீவித் தள்ளினாள். துளைதுளையாய் மலர்ந்திருந்த உள்வெள்ளையை மட்டும் பிய்த்துக் காலையில் வைத்த காரக்குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். வீரன் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். மூன்று ஞாயிறும் கூடையைக்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவள் விழுங்கினாள். இன்னொரு வாய் பிய்த்தாள்.

"உள்ள நல்லாத்தான் கீது," என்றாள். "புளிப்பு சரியா எறங்கிகீது."

பிறகு கூடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒட்டல இல்ல? சொன்னா சொன்னதுதான். உங்குளுது, வெச்சிக்கோங்க."

இவ்வாறாக, மும்முறை முறிந்தும் முனை மழுங்காத மாவீரன், பிரம்பு வளையங்களின் பிடியைத் தகர்த்து, ஆணையிட்ட அரசியின் கையாலேயே கூடையை மீட்டு, குரு சாட்சியாக வாகை சூடினான்.

மறுநாள் காலை அவனே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வந்து அந்தக் கூடையில் கொட்டினான்.