மூணு பூஞ்சையும் ஒரு மாப்பிள்ளையும்

அன்றைக்குக் காலையில் ஊதோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இனிமேல் இந்த வீட்டில் நான் தண்ணீர் ஊற்றுகிறவன் இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறவன்.

முடிவெடுப்பது எனக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வருஷமாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எடுத்ததை எங்கே வைத்தேன் என்பதுதான் சாயங்காலம் தெரியாது.

என் பெயர் தோகுஜி. எங்கள் கினாஷி ஊரில் தெருவுக்கே தெரிந்த பெயர் 'மாப்பிள்ளை'. மாமனார் கன்ஸோவுக்குப் பிள்ளை இல்லை, ஒரே பெண். தோட்டம் நிறையத் தொட்டிகளில் குட்டை குட்டையாகப் பைன் மரம். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண் வேண்டுமென்று என்னைத் தத்தெடுத்து, தன் குடும்பப் பெயரைக் கொடுத்து, மகள் மிசாவோவையும் கொடுத்தார். கத்தரியை மட்டும் கொடுக்கவில்லை. கையில் பூவாளியைக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பைன் இருக்கிறது. உயரம் என் முழங்கால்வரை. வயது மாமனாரின் தாத்தாவைவிட அதிகம். வீட்டில் அதற்குப் பெயரே 'கிழவன்'. வருகிறவர்கள் முதலில் அதைக் குனிந்து கும்பிடுவார்கள், அப்புறம் மாமனாரை, அப்புறம் மிசாவோவை. என் முறை வருவதற்குள் அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மார்ச் மாதம் மாமனார் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்ஸியில் ஏறும் முன் இடுப்பில் செருகியிருந்த கத்தரியைத் தட்டிக் காட்டினார்.

"எனக்கும் வயசாச்சு. நான் திரும்பி வர்றப்போ இந்தக் கிழவனை யார் நல்லபடியா வெச்சிருக்காங்களோ, அவங்க கையில இதைக் கொடுத்துடறேன்."

'யாரோ' என்று பொதுவாகச் சொன்னாலும் என்னைத்தான் சொன்னார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மிசாவோ இருக்கிறாள். ஆனால் அவள் சமையலறையில் கோஜி போடுகிறவள்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால் கிழவனின் கீழ்க்கிளை பழுத்திருந்தது. தொட்டேன். இலை கையோடு வந்தது.

"மிசாவோ, மரத்துல ஊசி கொட்டுது."

"மரத்துக்கு யாரு ஊசி போட்டது?"

"யாரும் போடலம்மா. மரத்தோட ஊசி. இலை. அதுவா கொட்டுது."

"அப்ப ஊசிப்போச்சுன்னு சொல்லுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஓர் ஊசி இலையைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பட்டை பட்டையாப் பழுப்பு. நடுவுல கறுப்புப் புள்ளி. பூஞ்சை."

"யாரைச் சொல்றே?"

"மரத்தைச் சொன்னேன். உங்களைச் சொல்ல இப்ப என்ன அவசரம்?"

என் உடம்பு கொஞ்சம் பூஞ்சைதான். காற்றடித்தால் பூவாளியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அதற்காக நோய் வந்த நேரத்திலா குத்திக்காட்டுவது?

"இனிமே இலைமேல தண்ணி ஊத்தாதீங்க. மண்ணுக்கு மட்டும் ஊத்துங்க. நல்லா வெயில் படட்டும்," என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியவனுக்கே தண்ணீர் ஊற்றச் சொல்லித் தருகிறாள். பதில் பேசினால் ஜெயித்துவிடுவேன், அப்புறம் சோறு கிடைக்காது.

நேரே வேலிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மியாவாகி அண்ணன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நாற்பது மரம் வைத்திருக்கிறார், நானூறு மரத்துக்கு யோசனை வைத்திருக்கிறார்.

"அண்ணே, பூஞ்சை வந்தா என்ன பண்றது?"

"மேல நோவுன்னா கீழ பாரு மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் வேருதான்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். மத்தியானம் கிழவனைத் தொட்டியிலிருந்து பெயர்த்தேன். அடியில் பார்த்ததும் ஆடிப்போனேன். வேரைச் சுற்றி வெள்ளை வெளேரென்று, பஞ்சு பஞ்சாக, ஒரே பூஞ்சை. காளான் வாசம் வேறு. எதிரி மேலே ரெண்டு ஆளை அனுப்பிவிட்டுக் கீழே கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

பெரிய பேசின் நிறையத் தண்ணீர் பிடித்தேன். முதலில் குழாயைப் பீய்ச்சினேன். அப்புறம் விரலால். அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ்ஷால். வேர் ஒவ்வொன்றும் பளபளவென்று ஆனது. என் பல்லைக்கூட நான் அப்படித் தேய்த்ததில்லை.

மிசாவோ வந்து நின்றாள். பிரஷ்ஷைக் குனிந்து பார்த்தாள்.

"என்னத்தக் கழுவுறீங்க?"

"நோயை."

"அது என் பிரஷ்."

"மரத்தோட உயிர் முக்கியமா, பிரஷ் முக்கியமா?"

"சரி. புது மண்ணுல வெச்சிட்டு நீங்க குளிக்கப் போங்க. இந்த அழுக்குத் தண்ணியை நான் பார்த்துக்கறேன்."

நெகிழ்ந்துவிட்டேன். மனைவி என்றால் இவளல்லவா என்று வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரி கையில் வந்தால் எந்தக் கிளையை முதலில் வெட்டுவது என்று யோசித்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் வேலியோரம் மியாவாகி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வெள்ளையா இருந்துச்சுண்ணே. ஒரு பொட்டு விடாம கழுவிட்டேன்."

அவர் டீக்கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த வெள்ளைதான்யா பைனுக்கு சோறு ஊட்டுது. அது இல்லாட்டி மரம் பொழைக்காது. மண்ணு மாத்துறப்போ கன்ஸோ ஐயா அதுல ஒரு பிடி எடுத்துப் பத்திரமா வெச்சுப் புது மண்ணோட கலப்பாரு. நீ அதையா கழுவினே?"

"நீங்கதானே பூஞ்சைக்கு வேரைப் பாருன்னீங்க?"

"பாருன்னுதானே சொன்னேன்? மேல இருக்கிற பூஞ்சை கெட்டது. கீழ இருக்கிறது நல்லது."

"ரெண்டும் பூஞ்சைதானே?"

"நீயும் மாப்பிள்ளைதான், கோயில் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையும் மாப்பிள்ளைதான். அவரு கண் டாக்டர். ரெண்டும் ஒண்ணா?"

அதோடு அவர் விடவில்லை.

"ஐயா வந்ததும் முதல் வேலையாக் குச்சியால மண்ணைக் கிளறிப் பார்ப்பாரு. வெள்ளை தெரியலன்னா உன் கதை முடிஞ்சுது."

அதிலிருந்து என் மூளை என் வசத்தில் இல்லை. மரமும் என்னைக் குழப்ப ஆரம்பித்தது. பழுத்த ஊசிகள் நாளுக்கு நாள் குறைந்தன. கொட்டியிருந்தால் தரையில் கிடக்க வேண்டும். தரை சுத்தமாக இருந்தது. மரத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை என்றால் ஊசி எங்கே போகும்? வைக்கோல் போரில் தேடலாமென்றால் வீட்டில் வைக்கோல்கூட இல்லை.

இதற்கிடையில் ஒரு காலை கிழவன் மேலெல்லாம் நீலம்.

"மிசாவோ, மரம் நீலம் பாரிச்சுப் போச்சு."

"அப்படியா?"

"பாம்பு கடிச்சா மனுஷனுக்குத்தான் நீலம் பாரிக்கும்."

"அப்ப மரத்தைக் கடிச்சிருக்கும்."

"விளையாடாதே. ஒவ்வொரு ஊசியாத் துடைக்கப் போறேன்."

"அழுத்தித் துடைக்காதீங்க. குத்தும்."

காலையிலிருந்து மத்தியானம்வரை ஈரத்துணியால் துடைத்தேன். குத்தியது. ரெண்டு நாள் கழித்து மறுபடி நீலம். மறுபடி துடைத்தேன். மறுபடி நீலம். மேலே ஒரு பூஞ்சை, கீழே ஒரு பூஞ்சை, நடுவில் இது என்ன புது வியாதி என்று மியாவாகி அண்ணனைக் கேட்கவும் பயம். அவர் இன்னொரு யோசனை சொல்லிவிட்டால்?

மாமனார் வர இரண்டு நாள் இருந்தது. வெள்ளைக்கு எங்கே போவது? அப்போதுதான் சமையலறை மூலையில் இருந்த மிசாவோவின் மரப்பெட்டி கண்ணில் பட்டது.

கோஜி என்றால் இதுதான். அரிசியை ஆவியில் வேகவைத்து, அதில் ஒரு பூஞ்சைத் தூளைத் தூவி, பெட்டியில் போட்டுப் போர்த்தி வைப்பாள். ரெண்டு நாளில் அரிசிமேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதை வைத்துத்தான் சூப்புக்கு மிசோ விழுது போடுவாள். அந்தப் பெட்டிக்குள் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்பாள்.

ஆக, மூன்றாவதாக ஒரு பூஞ்சை நம் வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக. ரெண்டு பிடி அள்ளினேன். பிசைந்து உதிர்த்து, தொட்டி ஓரத்துப் பாசியைத் தூக்கி அடியில் பரப்பி மூடினேன். பார்க்க அச்சு அசல் அதேதான்.

"பெட்டியில கோஜி குறையுதே," என்றாள் மிசாவோ.

"எலியா இருக்கும்."

"மூடியை எடுத்து, அள்ளிட்டு, மறுபடி மூடி, துணியும் போர்த்திட்டுப் போற எலியா?"

"நம்ம ஊரு எலி ஒழுங்கானது."

"ஒழுங்கான எலி செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்திருக்கலாம். தரையெல்லாம் மண்ணு."

அதோடு விட்டுவிட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் கைத்தடியோடு இறங்கினார். எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே கிழவன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊசியெல்லாம் தெளிவா இருக்கே. நான் போறப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு. யாரு பார்த்தது?"

"அவரையே கேளுங்கப்பா," என்றாள் மிசாவோ.

"நான்தான் மாமா. ஒத்தை ஆளா."

"பழுத்ததையெல்லாம் நீதான் கிள்ளினியா?"

"கிள்ளவே இல்ல மாமா. அதுவா மறைஞ்சுபோச்சு. நல்ல மரம்."

"மருந்து?"

"மருந்தே இல்லாமக் குணமாக்கினேன். நடுவுல நீலமா ஒரு நோய் வந்துச்சு. விடாமத் துடைச்சே விரட்டிட்டேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அந்த நீலம்தான் மருந்து. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சா அப்படித்தான் படியும்."

யார் அடித்தது என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவர் மூங்கில் குச்சியால் பாசியை நீக்கினார். வெள்ளை தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. அவர் ஒரு மணியை எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்தார். மென்றார்.

"பைனுக்கு மிசோ சூப் வைக்கிறதா யோசனையா?"

பூமி பிளக்கவில்லை. குச்சி இன்னும் ஆழமாகப் போனது. அங்கேயும் வெள்ளை. நான் கழுவிவிட்ட அதே வெள்ளை. காளான் வாசத்தோடு.

"இது என் பழைய மண்ணு. இதை உள்ள வெச்சது யாரு?"

இம்முறை நான் நான்தான் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியவில்லையே. மாமனார் தொட்டியைச் சாய்த்து, மரத்தைத் தொட்டியோடு கட்டியிருந்த கம்பியை அடியில் பார்த்தார்.

"முறுக்கு இடது கைப் பக்கமா இருக்கு," என்றார். வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேசின் தண்ணியை வடிகட்டி எடுத்து வெச்சிருந்தேன்ப்பா," என்றாள் மிசாவோ. "இவர் குளிக்கப் போனா ஒரு மணி நேரம். அதுக்குள்ள மறுபடி பிரிச்சு உள்ள வெச்சுக் கட்டிட்டேன். பழுத்த ஊசியைக் கிள்ளிட்டு, மருந்தும் இவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சிடுவேன். இவர் துடைக்கத் துடைக்க மறுபடி அடிச்சேன்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தந்தது?"

"நாப்பது வருஷமா ஜன்னல் வழியா உங்களைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். ஆண் வேண்டும் ஆண் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடி என்னைப் பிடித்துவந்தவர் அவர். என்னை அவர் பார்த்த பார்வையில் அந்த அலைச்சல் முழுக்கத் தெரிந்தது. அப்புறம் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தார். நான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டுதான் இருந்தேன், பழக்கதோஷம். கத்தரி என் கைகளைத் தாண்டி மிசாவோவிடம் போனது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமா, பொறாமையா, அவள் முகத்தைப் பார்த்த சந்தோஷமா, இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அது கையில் பொருந்தியது. கீழ்க்கிளையில் பட்டுப்போன ஒரு குச்சியை வெட்டினாள். சத்தமே இல்லை.

"ஏன் மிசாவோ," என்றேன், "எல்லாம் தெரிஞ்சும் மூணு வாரமா ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவள் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க கூடமாட உதவிக்கு வந்திருப்பீங்க."