சூடே ஏறாத அட்டமைசர்

ஐஸ் சீவிப் போட்ட ஹாலோ ஹாலோ இனிப்புக் கோப்பைக்குள் டெல்ஃபின் தன் வெந்த கீழுதட்டை அழுத்திப் பிடித்திருந்த அந்த வினாடியில், மனிதகுலம் புகையிலிருந்து ஆவிக்கு முன்னேறிக்கொண்டிருந்தது. முன்னேற்றம் என்றால் உதடு கொஞ்சம் வேகத்தான் செய்யும்.

மரிக்கினா மேகக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் உடனே அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். இடம்: சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும் கருவிகள் விற்கும் மாஸ்டர் வெனான்சியோவின் வேப் கடை. பொருள்: உறுப்பினர் டெல்ஃபினின் அட்டமைசர் மீண்டும் 'வரம்பு மீறிச்' சூடேறியது.

அட்டமைசரை நாங்கள் எங்கள் கையாலேயே கட்டுவோம். கம்பியைச் சுருளாகச் சுற்றி, பஞ்சு நுழைத்து, மாம்பழச் சாறு சொட்டி, பேட்டரி மேல் திருகி இழுப்போம். கடையில் ரெடிமேடாக வாங்கி இழுப்பவர்களை நாங்கள் மனிதர்களாக மதிப்பதில்லை.

மாஸ்டர் டெல்ஃபினின் கருவியை வாங்கினார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்தார். கண்ணை மூடினார். கூட்டம் மூச்சை அடக்கியது.

"காத்து பத்தல," என்றார். "பெரிய துளை போட்ட மூடியா மாட்டணும். நம்ம கடையிலயே இருக்கு."

"போன வாரம் அதைத்தானே மாட்டுனீங்க மாஸ்டர்?"

"அப்போ கம்பி பத்தல. இன்னும் தடிமனா போடணும்."

"தடிமனா போட்டதுக்கு அப்புறம்தான் வெந்துச்சு."

"பாத்தியா, பாதி வழி வந்துட்டோம். இப்பப் போய் திரும்பலாமா?"

கைதட்டினோம். மாஸ்டரின் சொந்தக் கருவி பித்தளை. எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். எங்களுக்குத் தெரிந்து ஒரு நாளும் சூடானதில்லை. குவியாப்போ தேவாலயத்தில் சிலையைத் துடைத்த கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் தொட்டுப் பார்ப்போம். ஜில்லென்று இருக்கும். ரகசியம் கேட்டால், "ஒழுக்கம்" என்பார். "கருவி கொஞ்சம் ஆறட்டும்" என்று கடைக்குப் பின்பக்கம் போய்விடுவார்.

டெல்ஃபினுக்கு அந்த ஒழுக்கம் அவசரமாகத் தேவைப்பட்டது. சிகரெட் வாடை இன்னொரு தடவை அடித்தால் குழந்தையோடு தொலைவில் பிகோலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவன் மனைவி மாரிவிக் சொல்லியிருந்தாள். வீட்டு வாசலில் பை தயாராக இருந்தது. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் அவன் அட்டமைசரை இழுத்தான். நினைப்பு நிற்கவே இல்லை, இழுப்பும் நிற்கவில்லை.

மாரிவிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"கிட்ட வா. ஊது."

ஊதினான்.

"மாம்பழம். கருகின மாம்பழம். இன்னைக்குப் பொழச்சே." உதட்டைப் பார்த்தாள். "இது என்ன கண்றாவி? விட்டு விட்டு இழுத்தா சூடு ஏறாதுல்ல?"

'உறுப்பினர் அல்லாதவரின் கருத்து' என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, உடனே கோடு போட்டு அடித்தேன்.

"இதெல்லாம் விஞ்ஞானம், தங்கச்சி," என்று மாஸ்டர் கருணையோடு சிரித்தார்.

"சரிண்ணே. அப்போ உங்களோடதக் குடுங்க. இவன் ஒரு இழுப்பு இழுக்கட்டும். சூடே ஏறாதுன்னு ஊரே சொல்லுதே."

மாஸ்டரின் கை பித்தளையை இறுகப் பற்றியது. "அது... பழகாத வாய்க்கு ஒத்துக்காது."

"பழகின வாயே வெந்துபோய்க் கெடக்கு. குடுங்கண்ணே."

கழக வரலாற்றில் முதன்முறையாக அந்தக் கருவியைக் கழற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. டெல்ஃபின் இழுத்தான். ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே பஞ்சு, முதல் நற்கருணைக்குப் போகும் சிறுமியின் கவுன்போல வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு சொட்டுச் சாறு அதன்மேல் பட்டதில்லை. சுருளில் ஒரு கறைகூட இல்லை.

மாரிவிக் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். நேராகப் போய்ப் பின்கதவைத் தள்ளினாள்.

தகர டப்பா நிரம்பி வழிந்து, தரையெல்லாம் சிகரெட் துண்டுகள். ஜன்னல் விளிம்பில் பிரித்த பாக்கெட், பக்கத்தில் லைட்டர்.

"எந்த பிராண்டுண்ணே?"

"கருவிய ஆறவிடணும்ல தங்கச்சி," என்றார் மாஸ்டர், துளியும் கலங்காமல். "அதுவரைக்கும் மனுஷன் சும்மாவா நிக்க முடியும்?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழகத்தின் சார்பில் பெருமையோடு அறிவித்துக்கொள்கிறேன்: மாஸ்டரின் முறையை உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். எங்கள் அட்டமைசர் எதுவும் இப்போது சூடாவதில்லை. டெல்ஃபினுடையது, மாரிவிக்கும் குழந்தையும் பையோடு ஏறிய பிகோல் பஸ் கிளம்பிய அன்று மாலையே ஆறிவிட்டது.