வான்கோழியை அறுக்கும் உரிமையும் என் புதுக் குழலும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் டுவேன் அவர்களுக்கு,

லைல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மார்லிஸும் நலம். அங்கே உங்கள் மனைவியும் மூட்டுவலியும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

துப்பாக்கி கிளப் போட்டியில் வான்கோழியைப் பரிசாக வென்றவர்தான் நன்றி நவிலும் நாள் விருந்தில் அதை அறுக்க வேண்டும் என்பது உங்கள் குடும்ப வழக்கம். எனக்குக் கல்யாணமான நாளாகக் கத்தி உங்கள் கையை விட்டு இறங்கியதில்லை. போன வருடம் என் தட்டில் கழுத்தை வைத்து, "குறி தப்புற மாப்ளைக்குக் கழுத்தே ஜாஸ்தி" என்றீர்கள். பாதிரியார்கூடச் சிரித்தார். எங்கள் லூத்தரன் பாதிரியார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

குறை என்னிடமா, துப்பாக்கியிடமா என்று யோசித்தேன். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். துப்பாக்கியிடம்தான் என்று நிரூபிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. உடனே என் பிஸ்டலுக்கு வேறொரு கம்பெனி செய்த, குண்டு பாயும் குழலைத் தபாலில் வரவழைத்தேன். அது உள்ளே நுழையவில்லை. நுழையாததுதான் அதன் சிறப்பாம். ஆடாமல் இறுக்கமாக உட்காரும்படி வாங்கியவரே அரத்தால் ராவிக்கொள்ள வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் வைத்து ராவினேன், இரும்புத் தூள் பறந்து இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த டுனா மீன் கேசரோலில் விழுந்தது, மார்லிஸ் அதில் என் பங்கை மட்டும் பரிமாறினாள், நானும் தின்றுவிட்டேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகலை.

சனிக்கிழமை கிளப் மைதானத்தில் சோதனை. பொழுது போகட்டுமென்று மார்லிஸும் வந்து, உங்கள் அப்பாவின் பழைய, சின்னக் குண்டு போடும் பாயிண்ட் டூ-டூ பிஸ்டலோடு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். முதலில் பழைய குழலில் சுட்டேன். என் குறி அட்டை வெட்டுக்கிளி மேய்ந்த இலை மாதிரி ஆனது. பிறகு புதுக் குழலை மாட்டி, புது அட்டை வைத்து, காபி ஃபிளாஸ்குக்கு இடம் வேண்டி, பிஸ்டலைத் தாங்கும் மணல் மூட்டையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, மூச்சைப் பிடித்துச் சுட்டேன். மச்சான், போய்ப் பார்த்தால் என் அட்டையில் துளையெல்லாம் நட்டநடுவே, ஒரு பிஸ்கட்டை வைத்து மூடிடலாம். மார்லிஸின் அட்டையைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கை பதறுவது சகஜம், மூச்சை அடக்கப் பழகு என்று வீடு வரும்வரை ஆறுதல் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆகவே இந்த வருடம் கத்தியைச் சாணை பிடித்து என்னிடம் ஒப்படைக்கத் தயாராகவும். கழுத்தை உங்களுக்கென்று எடுத்துவைப்பேன். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலை ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் குறி தப்பாத மாப்பிள்ளை
லைல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அட்டையைக் கிளப்பில் மாட்டலாமென்று எடுத்துப் போனேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் வெர்லின் துளைகளில் குண்டின் அளவு பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்து, என் ஒன்பது மில்லிமீட்டர் குண்டு இதில் நுழையவே நுழையாது, இவையெல்லாம் பாயிண்ட் டூ-டூ துளைகள் என்றார். மார்லிஸிடம் கேட்டேன். "என் அட்டையில நீங்க சுட்டுக்கிட்டிருந்தீங்க. உங்களுது சும்மாத்தானே கிடந்துச்சு, அதுல சுட்டேன்" என்றாள். போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். கத்தியை அவள் பெயருக்கு அனுப்பவும். கழுத்து யாருக்கு என்பதை நீங்களும் நானும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டுமாம்.